பதினோராம் எண் கூண்டு (கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டிக்குப் பக்கத்தில் ஓர் இறால் பண்ணையில் வேலை பார்க்கிறேன். குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து ஏரேட்டரை ஓடவிட, ஆர்ம் 64 வகைப் பிராசஸர் உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில் லினக்ஸ் போட்டிருக்கிறோம். ரேம் ஒரு ஜிபி. வாரம் ஒருமுறையாவது அதன் கெர்னல், அதாவது எல்லா நிரல்களையும் ஆளுகிற மையப்பகுதி, மீள முடியாத பிழையில் விழுந்து (பேனிக் ஆகி) நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அது பெரிய விஷயமில்லை. முன்பு வேலை பார்த்தவர் அதில் கிராஷ் கெர்னலுக்கென்று 128 எம்பி ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். சும்மா கிடக்கிற அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாமா? எல்லா அதிகாரமும் உள்ள கெர்னல், தன்னிடமிருந்தே ஓர் இடத்தை ஏன் மறைக்க வேண்டும்? ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஊரில் இதையெல்லாம் பேச ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். டீக்கடையில் ஒருவர், "பதினொன்னு வரைக்கும் இருக்காமே, பதினொன்னு ஏத்துனா ஊரே போயிருமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கும் காற்றின் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. புயலின் கடுமையெல்லாம் பத்தோடு முடிந்துவிடும். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி அங்கிருந்து செய்தி வராது என்று சொல்வதற்குத்தான் பதினோராம் கூண்டு. செய்தி சொல்கிறவனுக்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், பாருங்கள். (1964-ஐ இழுக்கப்போகிறேன் என்று பயப்பட வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்கள் எதைப் பேசினாலும் தனுஷ்கோடியில் கொண்டுபோய்த்தான் முடிப்பார்கள். நான் மாட்டேன்.)

லினக்ஸிலும் ஒரு பதினொன்று இருக்கிறது. நிரல் ஒன்று தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டால் அதற்கு அனுப்பப்படும் சிக்னலின் எண் 11. நிரலுக்குத் தெரிவதெல்லாம் பட்டா எண் மாதிரிதான். உண்மையான நிலம் ரேமில் எங்கே கிடக்கிறது என்பது பேஜ் டேபிள் என்கிற பதிவேட்டில் இருக்கும், பெரும்பாலும் 4096 பைட்டுக்கு ஒரு வரி. வரியே இல்லாத எண்ணைத் தொட்டால் பிராசஸர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் பதினொன்றை அனுப்பும், அந்த நிரல் சாகும், மற்றவை பாட்டுக்கு ஓடும்.

சரி, தப்பு செய்தது கெர்னலே என்றால்? அதற்கு யார் பதினொன்று அனுப்புவது? கெர்னலின் சொந்தப் பதிவேட்டில் ஏறக்குறைய ரேம் முழுவதற்கும் வரி உண்டு. ஏதோ ஒரு டிரைவரில் (கருவியை இயக்கும் கெர்னல் நிரல்) ஒரு பாயிண்டர், அதாவது முகவரியைக் குறித்து வைத்திருக்கும் எண், கெட்டுப்போய், அதில் கிடக்கும் குப்பை எண் தற்செயலாக நல்ல முகவரியாக அமைந்துவிட்டால் பிராசஸர் தடுக்காது. சத்தமில்லாமல் எழுதிவிட்டுப் போகும். நாலு மணி நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் கெர்னல் தடுக்கி விழும். அப்படி விழும்போது எழுந்து சாட்சி சொல்லத்தான் இன்னொரு சின்னக் கெர்னலைத் தனியிடத்தில் ஏற்றி வைக்கிறார்கள். உங்கள் 128 எம்பி அதற்கான இடம். பெரியவன் விழுந்ததும் சின்னவன் எழுந்து, செத்தவனின் நினைவகத்தை அப்படியே கோப்பாக எழுதி வைத்துவிட்டு ரீபூட் செய்வான்.

ரஸ்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மொழி, படியுங்கள். ரேம் சிப் கெட்டுப்போனால் எந்த மொழியும் காப்பாற்றாது.

"தன்னிடமிருந்தே ஏன் மறைக்க வேண்டும்" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

அப்பாவின் வல்லத்தில், முன்பக்கத்து அணியத்துப் பலகைக்குக் கீழே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். உள்ளே இரண்டு டார்ச் பேட்டரி, ஒரு தீப்பெட்டி, ஒரு துண்டு மெழுகுவர்த்தி. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருப்பார். தினமும் எரிக்கிற டார்ச் வேறு, இது வேறு. யாரும் தொடக் கூடாது. பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லாமல் சித்தப்பா தவித்த ராத்திரிகளில்கூட அதை எடுக்க விட்டதில்லை.

1992 மார்ச் 4. சிட்னியில் இந்தியாவும் பாகிஸ்தானும். நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கரையில் ஏற்றியிருந்த வல்லத்துக்குள் டிரான்சிஸ்டரோடு படுத்திருந்தேன். ஆட்டம் பாதியில் இருக்கும்போது பேட்டரி இறங்கி, வர்ணனை கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. கை தானாக அணியத்துக்குக் கீழே போனது. இதில் நான் செய்த பெரிய அயோக்கியத்தனம் எடுத்தது அல்ல. ரேடியோவின் செத்த பேட்டரிகளைப் பாட்டிலுக்குள் போட்டு, மூடி, வீட்டிலிருந்து மெழுகுவர்த்தி கொண்டுவந்து பழையபடியே மெழுகு ஊற்றி வைத்தேன். குலுக்கிப் பார்த்தாலும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, மண்டபத்துக்கு வடக்கே நடுக்கடலில், ராத்திரி, இன்ஜின் நின்றது. கை டார்ச் மங்கி அணைந்தது. தூரத்தில் ஒரு விசைப்படகு நேராக இவர்களைப் பார்த்து வருகிறது. அப்பா பாட்டிலை உடைத்துப் பேட்டரியை மாற்றிப் போட்டிருக்கிறார். எரியவில்லை. நல்லவேளை, தீப்பெட்டியை நான் எடுக்கவில்லை. இடுப்புக் கைலியை அவிழ்த்து, டீசலில் முக்கி, துடுப்பில் சுற்றிக் கொளுத்திக் காட்டியிருக்கிறார். விசைப்படகு விலகிப் போயிருக்கிறது.

காலையில் டவுசரோடு வீட்டுக்கு வந்தார். நான் திண்ணையில் பழைய சோறு தின்றுகொண்டிருந்தேன். வட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேட்டரிகளையும் நிறுத்தி வைத்தார். ஒன்றின் மேல் என் நகக்கீறல் இருந்தது, ரேடியோவிலிருந்து நெம்பி எடுத்தபோது பட்டது. அடிக்கவில்லை. "ஜெயிச்சாய்ங்களா?" என்று மட்டும் கேட்டார். நாற்பத்து மூன்று ரன்னில் ஜெயித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் புதுப் பாட்டில் வைத்து, அதன் மேல் பலகை போட்டு ஆணி அடித்துவிட்டார். சுத்தியலும் உளியும் இல்லாமல் அவராலேயே எடுக்க முடியாது. கடல் கொள்ளையனுக்குப் பயந்தா அடித்தார்? வீட்டுக்குள் இருக்கிற கைக்குப் பயந்து. தன் கையையும் சேர்த்துத்தான்.

கெர்னலில் அந்த ஆணி, பதிவேட்டில் செய்கிற ஒரு திருத்தம். ஒதுக்கிய பகுதியைச் சில பிராசஸர்களில் படிக்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றிவிடுவார்கள், சிலவற்றில் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு கெட்ட பாயிண்டர் அந்தப் பக்கம் போனால் சத்தமில்லாமல் எழுத முடியாது, அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் ஆணிக்கும் விலை உண்டு. ஆர்ம் 64-இல் கெர்னல் தன் பதிவேட்டை 2 எம்பிக்கு ஒரே வரியாக, பெரிய பெரிய துண்டாக எழுத விரும்பும். வரி குறைவு, தேடல் குறைவு, வேகம் அதிகம். ஒதுக்கிய இடத்தை மட்டும் தனியே பூட்ட வேண்டும் என்பதற்காக ரேம் முழுவதையும் 4096 பைட் துண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரி இருந்த இடத்தில் 512 வரி. எப்போதோ வரப்போகிற ஒரு கேட்டுக்காக இயந்திரம் தினமும் மெதுவாக ஓடுவதா என்று கேட்டு, 2023-இல் ஆர்ம் 64-இல் அந்தப் பாதுகாப்பையே எடுத்துவிட்டார்கள். புதிய கெர்னல் என்றால் உங்கள் போர்டிலும் பாட்டில் இருக்கிறது, ஆணி இல்லை. எடுத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள், கணக்குப் போட்டுத்தான் எடுத்தார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் என் மனசு ஒப்பவில்லை. அவர்கள் யாரும் கைலியைக் கொளுத்தியவர்கள் இல்லை என்று ஒரு முரட்டுப் பேச்சு தொண்டை வரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன்.

இனி உங்களுக்கு. "ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், பெரிய விஷயமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எழுந்து வந்து காதைத் திருகலாம் போல இருந்தது. எது சரியாகிறது? நீங்கள் பட்டனை அமுக்கிய நொடியில், அது ஏன் விழுந்தது என்பதற்கு ரேமில் இருந்த ஒரே சாட்சியும் போய்விடுகிறது. பிணத்தைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிட்டு அப்புறம் போலீஸைக் கூப்பிடுகிற வேலை இது. இறால் குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவது விடியலுக்கு முன்னால்தான், உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் ஏரேட்டரை ஓடவிட வேண்டிய பெட்டி செத்துக் கிடந்தால், பட்டனை அமுக்க நீங்கள் முழித்திருப்பீர்களா?

ஊரில் பேச ஆள் இல்லை என்கிற புலம்பலும் வேண்டாம். அதைப் புரிந்து 128 எம்பி ஒதுக்கிவிட்டுப் போன ஒருவர் உங்கள் பண்ணையிலேயே இருந்திருக்கிறார்.

அந்த 128-ஐ எடுக்காதீர்கள். ஆனால் ஒன்று பார்க்க வேண்டும். பேனிக் ஆனதும் அப்படியே நின்றுவிடுகிறது என்கிறீர்கள். சின்னக் கெர்னல் உள்ளே இருந்திருந்தால் அது எழுந்திருக்க வேண்டுமே. சிஸ் அடைவில் கெர்னல் என்பதற்குள் 'கெக்செக் கிராஷ் லோடட்' (/sys/kernel/kexec_crash_loaded) என்று ஒரு கோப்பு இருக்கும். இன்றைக்கு ராத்திரியே திறந்து பாருங்கள். ஒரே ஓர் எண்தான் இருக்கும். 1 என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு எங்கோ கோளாறு, சேர்ந்து தேடுவோம். 0 என்றால் இடம் மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறது, உள்ளே எதையும் ஏற்றவில்லை. என் சந்தேகம் 0 என்றுதான். மெழுகு ஊற்றிய பாட்டிலைப் பார்த்தால் எனக்கு இன்னமும் குலுக்கிப் பார்க்கத் தோன்றுவதில்லை, உடைத்துப் பார்க்கத்தான் தோன்றுகிறது.

அன்புடன்,
அண்ணன்