5 வாரத் தொட்டியில் பழுப்புப் படலம்

வணக்கம். கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்து 5 வாரம்தான் ஆகிறது, அதற்குள் மணலும் பாறையும் பழுப்பாகிவிட்டன, பவளங்கள் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது என்றால் அது டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வருவதுதான். சளி போல இழுபட்டு, அதில் காற்றுக் குமிழ்கள் தொங்கினால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

டயட்டம் தன் ஓட்டைக் கட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிகேட் என்ற சிலிக்கா சேர்மத்தை வைத்து. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கரைப்பதாகச் சொன்னீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். பல வீட்டு இயந்திரங்கள் சுவைக்காக, மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும், அதோடு சிலிகேட்டும் வந்துவிடும். அந்தக் கலப்பை மூடிவிட்டு, கடைசியில் ஒரு டி.ஐ. ரெசின் குடுவை (மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள் நிரப்பியது) மாட்டுங்கள். ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருவது சிலிகேட்தான். கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டினாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அதுவரை மேல்மணலைக் குழாயால் லேசாக உறிஞ்சி எடுங்கள், படலத்தை மேயும் டிரோகஸ் நத்தை நாலைந்து விடுங்கள். பாசி மருந்து எதையும் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். அப்புறம், மணலைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.