பக்கத்துப் பாத்தி ஏன் வெளுக்கவில்லை?

களைக்கொல்லி பற்றி தில்லித் தமிழர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகள்.

கே: சோனிப்பத் பக்கம் குத்தகை நிலத்தில் இரண்டு ரக ஸ்வீட் கார்ன் போட்டோம். டெம்போட்ரையோன் களைக்கொல்லியை ஒரே டேங்கில் கலந்து, ஒரே நாளில் அடித்தோம். ஒரு ரகம் பச்சையாக நிற்கிறது. மற்றதில் குருத்து வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கிறது. போலி மருந்தா சார்? - மயூர் விஹார் வாசகர்

ப: போலி என்றால் களையும் பிழைத்திருக்குமே! உங்கள் படத்தில் அது வெளுத்துச் சுருண்டு கிடக்கிறது. மருந்தில் குறையில்லை, பயிரின் செரிமானத்தில்தான் கோளாறு. மக்காச்சோளத்தில் சைட்டோகுரோம் பி450 வகை நொதி ஒன்று இந்த மருந்தை உடைத்துச் செயலிழக்க வைக்கும். சில ஸ்வீட் கார்ன் ரகங்களில் அந்த நொதிக்கான மரபணுவே பழுது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பழுது வந்தால் அடி பலம். ஒன்று நல்லதாக இருந்தால் ஓரளவு தாங்கும். நிக்கோசல்ஃப்யூரான், மீசோட்ரையோன் என்ற களைக்கொல்லிகளையும் செரிப்பது அதே நொதிதான், ஆகவே அந்த ரகத்துக்கு அவையும் வேண்டாம். மாலத்தியான் மாதிரி பூச்சிமருந்து அடித்த சூட்டோடு களைக்கொல்லி அடித்தாலும் இந்த நொதி முடங்கலாம். நல்ல ரகமும் அடிபடும். இப்போதைக்குப் புதுக் குருத்தைப் பாருங்கள். பச்சையாக வந்தால் தேறிவிடும். லேபிளில் பயிரின் பெயர்தான் இருக்கும், ரகத்தின் பெயரைத் தேடாதீர்கள். அடுத்த முறை புது விதை வாங்கினால் முதலில் நாலு வரிசைக்கு மட்டும் அடித்து, பத்து நாள் பொறுங்கள்.

கே: பூசா பாஸ்மதி 1979 மரபணு மாற்றப் பயிரா? கிளைஃபோசேட் அடிக்கலாமா? - ஆர்.கே.புரம்

ப: இரண்டுக்கும் 'இல்லை'தான். பூசா பாஸ்மதி 1121 ரகத்திலிருந்து 1979-ம், 1509 ரகத்திலிருந்து 1985 என்ற ரகமும் வழக்கமான கலப்பு முறையில் வந்தவை, வெளியானது 2021-ல். இவை தாங்குவது இமாசெத்தாபிர் என்ற களைக்கொல்லியை மட்டும்தான். அந்தக் குணம் 'நாகினா 22' நெல்லின் சடுதிமாற்றச் செடியிலிருந்து வந்தது. அந்தச் செடியைக் கண்டெடுத்தது நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இது மக்காச்சோளம் மாதிரி செரிமானக் கதை இல்லை. இமாசெத்தாபிர் போய் ஒட்டும் நொதியின் வடிவமே மாறிவிட்டது, மருந்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கிளைஃபோசேட் தாக்குவது வேறு நொதியை. அடித்தால் வயலே போச்சு. பக்கத்து வயலில் 1121 இருந்தால் காற்றடிக்கும்போது இமாசெத்தாபிர் அடிக்காதீர்கள். களைநெல்லையும் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். மகரந்தம் வழியாக அதற்கும் இந்தக் குணம் ஒட்டிக்கொள்ளும்.

கே: தஞ்சாவூரில் தம்பி சேற்றில் நெல்லை நேரடியாக விதைக்கிறான். கடையில் இரண்டு விதப் பிரெட்டிலாகுளோர் களைக்கொல்லி காட்டினார்களாம். எது? - கரோல் பாக்

ப: ஃபென்குளோரிம் என்ற பயிர்ப் பாதுகாப்புப் பொருள் சேர்ந்தது. நெல் நாற்று மருந்தை முடக்கும் வேகத்தை அது கூட்டும். மற்றது நடவு வயலுக்கு.