இரவில் டெக்கில் விழும் பறவையை என்ன செய்வது?

கேள்வி: கேப்டவுனிலிருந்து அண்டார்டிகா போகும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பூவே தீவுப் பக்கம் போகும்போது இரவில் சிறு பறவைகள் டெக்கில் வந்து விழும் என்கிறார்கள். அப்போது என்ன செய்ய வேண்டும்? அந்தத் தீவில் இறங்கிப் பார்க்க விடுவார்களா?

பதில்: விழுந்த பிறகு பார்ப்பதைவிட விழாமல் தடுப்பது எளிது. பூவே 49 சதுர கிலோமீட்டர் எரிமலைத் தீவு. 93 சதவீதம் பனிப்பாளம். மனிதர் இல்லை, விளக்கும் இல்லை. பிரையான், ஸ்டார்ம் பெட்ரல் போன்ற சிறு கடற்பறவைகள், அவற்றைப் பிடித்துத் தின்னும் ஸ்குவா என்ற பெரிய கடற்பறவைக்குப் பயந்து இருட்டில்தான் கூட்டுக்கு வந்து போகும். அந்த இருட்டில் உங்கள் கப்பல் மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தால்? வெளிச்சத்தில் தடுமாறி வந்து மோதி விழும். அதுவும் மூடுபனி இரவென்றால் கேட்கவே வேண்டாம். பொழுது சாய்ந்ததும் கேபின் திரைகளை இழுத்து மூடுங்கள். வேலைக்கும் பாதுகாப்புக்கும் வேண்டியவை போக மற்ற டெக் விளக்குகளை அணைக்க முடியுமா என்று பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) கேளுங்கள்.

அப்படியும் சில விழும். விடியுமுன் ஒரு சுற்று வாருங்கள். கயிற்றுச் சுருளுக்குள்ளும் வின்ச்சுக்கு (கயிறு இழுக்கும் இயந்திரத்துக்கு) அடியிலும் பதுங்கியிருக்கும். நீலச்சாம்பல் முதுகு, அலகோரத்தில் சீப்புப் பல் வரிசை என்றால் அது பிரையான். வயிற்றால் தவழ்வதைப் பார்த்துக் கால் ஒடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கால்கள் உடம்பின் பின்பக்கம் இருப்பதால் அதற்கு நடை வராது, இரும்புத் தளத்திலிருந்து எழும்பவும் திணறும். உண்மையான ஆபத்து டெக்கில் சிந்திய டீசலும் கிரீஸும்தான். இறகில் பட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, குளிரிலேயே செத்துப்போகும்.

கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். 2023 அக்டோபரில் தெற்கு அட்லாண்டிக்கிலுள்ள தெற்கு ஜார்ஜியாவின் பறவைத் தீவில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. தலை நடுங்கினாலோ, பல பறவைகள் செத்துக் கிடந்தாலோ கை வைக்காமல் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். நன்றாக இருப்பதைத் துணியால் மூடித் தூக்கி, காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் போடுங்கள், பெட்டிக்கு ஒன்றுதான். தீனியோ தண்ணீரோ வேண்டாம். வயிற்று எண்ணெயைக் கக்கும், அந்த வாடை சட்டையை விட்டு லேசில் போகாது! இறகு நன்றாகக் காய்ந்ததும், விளக்கணைத்த இருட்டில், காற்று நேராக அடிக்காத பக்கத்திலிருந்து உள்ளங்கையை விரித்து விடுங்கள். புறா விடுவதுபோல் மேலே வீசக் கூடாது.

சரி, இறங்குவது? 1971 முதல் பூவே தீவு நார்வேயின் இயற்கைக் காப்பகம். அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. ஆனால் கப்பல் அருகில் போய், வானமும் தெளிந்திருந்தால், வடமேற்குக் கரையில் தொலைநோக்கியைத் திருப்புங்கள். 1950களில் மலை சரிந்து உருவான நியூரோய்சா மேடு தெரியும். தாடையில் கருங்கோடு போட்ட சின்ஸ்ட்ராப் பெங்குயினும் மஞ்சள் கொண்டை மக்கரோனிப் பெங்குயினும் குஞ்சு பொரிக்கும் இடம் அது.