கடன் முடிந்ததும் வரும் துணிச்சல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 44. கடலூரிலிருந்து புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். போன வருடம் வீட்டுக் கடன் முடிந்தது. பி.எஃப். நீங்கலாகக் கையிருப்பு 40 லட்சம், மாதச் செலவு 35,000. முன்பெல்லாம் மேனேஜர் முகத்தைச் சுளித்தாலே ராத்திரி தூக்கம் வராது. இப்போது கத்தினாலும் உறைப்பதில்லை. வேலையை விட்டுவிடலாமா?
- வாசகர், திருப்பாப்புலியூர்

பதில்: தவணை கட்டவேண்டுமே என்ற பயம்தான் இத்தனை நாளும் மேனேஜர் குரலை உயர்த்திக் காட்டியது. அது போய்விட்டது, சந்தோஷம். ஆனால் வேலையை விடும் அளவுக்குக் கணக்கு இன்னும் வரவில்லை.

ஆண்டுச் செலவு 4.2 லட்சம் என்றால், 40 லட்சம் ஒன்பதரை வருடத்துக்குத்தான் காணும். ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேமிப்பு இருந்தால் வேலையை விடலாம் என்று பலரும் சொல்லும் கணக்குப்படியே 1.05 கோடி வேண்டும். அதுவும் 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்நாட்டுச் சந்தை விவரங்களை வைத்து, 30 வருட ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. உங்களுக்கு 40 வருடம் ஓட்ட வேண்டியிருக்கலாம். 35 மடங்கு, அதாவது 1.47 கோடி என்று வைத்துக்கொள்வதே எங்கள் யோசனை.

35,000 என்பதிலும் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. பாஸ்புக்கில் 12 மாதப் பற்றைக் கூட்டி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். காலேஜ் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ், மொய் எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். புயல் செலவு தனி. தானே (2011), ஃபெஞ்சல் (2024) இரண்டையும் பார்த்த ஊர்க்காரருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷருக்கு 3 வருடம் வரை காத்திருக்க நேரும். சொந்த பாலிசியை இப்போதே எடுத்து, அந்தக் காலத்தை வேலையில் இருந்தபடியே கழியுங்கள்.

40 லட்சத்துக்கு வேறு பலன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் மறுக்கலாம். செலவுக்கு மட்டும் சம்பளம் வரும் வேலையைக் கடலூரிலேயே தேடலாம், பஸ் அலைச்சல் மிச்சம். சேமிப்பைத் தொடாமல் விட்டால், 8 சதவீதத்தில் 9 வருடத்தில் இரட்டிப்பாகும். ஆனால் விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 35,000 செலவும் அதற்குள் 59,000 ஆகிவிடும், மறக்க வேண்டாம்.

கடன் முடிந்த சேதி மட்டும் ஆபீஸில் யாருக்கும் தெரிய வேண்டாம். இன்க்ரிமென்ட் சமயத்தில் "உங்களுக்கென்ன சார்" என்பார்கள்.

கேள்வி: வசதி வந்த பிறகும் என் கணவர் விலை குறைவு என்று பெட்ரோல் போட ஸ்கூட்டரில் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை வரை போகிறார். போகவர 20 கி.மீ. இது சிக்கனமா?
- வாசகி, கடலூர்

பதில்: கையில் காசில்லாத காலத்துப் பழக்கம், காசு வந்தாலும் லேசில் விடாது. லிட்டருக்கு 6 ரூபாய் குறைவு என்று வைத்தாலும், 4 லிட்டருக்கு மிச்சம் 24 ரூபாய். போய்வர லிட்டருக்கு 50 கி.மீ. மேனிக்கு 0.4 லிட்டர், கிட்டத்தட்ட 40 ரூபாய். நஷ்டம் 16 ரூபாய், போன நேரம் தனி. 35 லிட்டர் நிரப்பும் காராக இருந்தால் கொஞ்சம் லாபம் நிற்கும். புதுச்சேரிக்கு வேறு வேலையாகப் போகும் நாளில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றபடி, முள்ளோடையில் பெட்ரோல் பங்க் மட்டும்தான் இருக்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது அம்மா.