மாடல் சரக்கு வேகன்: ஸ்கேலால் அளந்து வாங்குங்கள்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): நம்ம ஊர் தண்டவாளத்தில் ஓடும் பாக்ஸ்-என் நிலக்கரி வேகனின் ஹெச்.ஓ. மாடல் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 3டி பிரிண்டில் செய்தது, பார்க்க அழகாக இருக்கிறது. அசலுக்குச் சரியான அளவுதானா என்பதைப் பணம் அனுப்பும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அளவுகளை மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

அசல் பாக்ஸ்-என் வேகனின் நீளம், இரு முனைக் கப்ளர்களையும் (பெட்டிகளை இணைக்கும் கொக்கிகள்) சேர்த்து 10,713 மி.மீ. கப்ளர் இல்லாமல், ஹெட்ஸ்டாக்கிலிருந்து ஹெட்ஸ்டாக் வரை (சட்டத்தின் முனைக்கு முனை) 9,784 மி.மீ. அகலம் 3,200, தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து உயரம் 3,225, இரு போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) மையங்களுக்கு இடைத்தூரம் 6,524, ஒரு போகிக்குள் இரண்டு அச்சுகளுக்கு இடைத்தூரம் 2,000. ஹெச்.ஓ. என்றால் 87.1-இல் ஒரு பங்கு. வகுத்துப் பார்த்தால் வரிசையாக 123, 112.3, 36.7, 37, 74.9, 23 மி.மீ. வரும். அரை மி.மீ. கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கப்ளரோடு 140 மி.மீ. என்று பதில் வந்தால் அது ஓ.ஓ. அளவு, அதாவது 76.2-இல் ஒரு பங்கு. இரண்டுமே ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் என்பதால் சில விற்பனையாளர்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்லி விற்கிறார்கள். ஓ.ஓ. வேகனை ஹெச்.ஓ. வேகன் பக்கத்தில் நிறுத்தினால் தப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

போகி மைய அளவை மட்டும் கேட்காமல் விடாதீர்கள். மொத்த நீளத்தைச் சரியாக வைத்துவிட்டு, கையிலிருக்கும் வேறு ஏதோ சேஸிஸில் உடலைப் பொருத்தித் தருவது நடக்கிறது. அப்போது சக்கரங்கள் ஓரத்துக்குத் தள்ளிப்போகும், அல்லது நடுவுக்குள் ஒடுங்கும். வேகனின் முகவெட்டே மாறிவிடும்.

ஒரு விஷயத்தில் முழுத் துல்லியம் கிடைக்காது, அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். நம்முடைய பிராட் கேஜில் இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1,676 மி.மீ. ஹெச்.ஓ. கணக்கில் அது 19.2 மி.மீ. ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜுக்கானது. ஆகவே இந்திய வேகன் மாடல் எதுவானாலும் சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஒண்ணேகால் மி.மீ.க்கு மேல் உள்ளே ஒதுங்கித்தான் நிற்கும். விற்பவரின் குறையல்ல அது.

சக்கரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அசல் சக்கரம் புதிதில் 1,000 மி.மீ. விட்டம், தேய்ந்து 906 மி.மீ. வந்தால் கழித்துவிடுவார்கள். ஹெச்.ஓ.வில் இது 11.5-லிருந்து 10.4 மி.மீ. வரை. அமெரிக்க வேகன்களுக்கென எளிதாகக் கிடைக்கும் 36 அங்குலச் சக்கரம் 10.5 மி.மீ. நன்றாகத் தேய்ந்த இந்தியச் சக்கரமாக அது கச்சிதமாகப் பொருந்தும். 33 அங்குலச் சக்கரம் 9.6 மி.மீ.தான், சிறிசு. அதைப் போட்டு அனுப்பினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பிரிண்ட் ரெசினா, உருக்கி அடுக்கும் பிளாஸ்டிக் இழையா என்றும் கேளுங்கள். இழையில் ஓர் அடுக்கு 0.2 மி.மீ. என்றால் அசலில் அது 17 மி.மீ. தடிப்புள்ள வரி. ரிவெட் தலையே 0.3 மி.மீ. அளவில்தான் இருக்க வேண்டும் என்கிறபோது, இழை பிரிண்டில் அது எழவே எழாது.

கடைசியாக எண். இந்திய வேகனின் 11 இலக்கத்தில் முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வே, அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு, அடுத்த நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். முதல் பத்தில் இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்; ஒற்றை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகையை அதோடு சேருங்கள்; அடுத்த பத்தின் மடங்குக்கு எத்தனை குறைகிறதோ அதுதான் பதினோராவது. 3106072145 என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்கள் 1, 6, 7, 1, 5. கூட்டினால் 20, மூன்றால் பெருக்கினால் 60. ஒற்றை இடங்களின் கூட்டு 9. ஆக 69. எழுபதுக்கு ஒன்று குறைகிறது, எனவே கடைசி இலக்கம் 1. டீகாலில் (ஒட்டும் எழுத்துப் படலத்தில்) உள்ள எண் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லையென்றால் வாய்க்கு வந்த எண்ணை அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் உடலின் அளவிலும் அக்கறை காட்டியிருக்க மாட்டார்.

ஒப்பிட அசல் வேண்டுமென்றால் திருநெல்வேலி சந்திப்பு நடைமேடையில் டிக்கெட்டோடு நின்று, கடந்துபோகும் வேகன் வரிசையைப் படமெடுங்கள். அனுமதி இல்லாமல் சரக்கு யார்டுக்குள் இறங்கினால் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் வழக்கு வரும்.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): அமெரிக்க பாக்ஸ் கார் (மூடிய சரக்குப் பெட்டி) கிட் ஒன்று வாங்கிச் செய்து பழக ஆசை. பிளாஸ்டிக் கிட், ரெசின் கிட் என்று இரண்டு இருக்கிறது. ரெசின்தான் துல்லியம் என்கிறார்கள். எதை வாங்கலாம் அண்ணாச்சி?

பதில்: முதலில் பிளாஸ்டிக் வாங்குங்கள் தம்பி. அக்யூரெயில் போன்ற கிட் தயாரிப்பாளர்களின் கிட்டில் உடல் ஒரே வார்ப்பாக வரும். தரைச்சட்டம், எடைத் தகடு, போகி, கப்ளர் சேர்த்து ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். சக்கரத்தை உலோகத்துக்கு மாற்றினாலே ஓட்டம் திருந்தும்.

ரெசின் கிட்டில் பெரும்பாலும் நான்கு பக்கமும் தனித்தனித் தகடாக வரும், பெட்டியை நீங்களேதான் சதுரமாக நிறுத்த வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் முதலில் கழுவுங்கள். வார்ப்பு அச்சில் தடவிய எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் உரியும். கண்ணாடித் துண்டின் மேல் 320 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து வைத்து, தகட்டின் பின்பக்கத்தைத் தேயுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் தூசு மூச்சில் ஏறும். இரு பக்கத் தகடுகளையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து நீளம் பாருங்கள். ரெசின் இறுகும்போது சுருங்கும். இரண்டும் ஒரே அளவில் சுருங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. நீளமானதைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் ஒட்டினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், பிறகு ஏதாவது ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடாது. பிளாஸ்டிக் கிட்டின் ஸ்டைரீனை உருக்கி ஒட்டும் திரவம் ரெசினில் பிடிக்காது. பெவிக்விக் வகைப் பசை அல்லது அரால்டைட் வேண்டும்.

கைப்பிடிக் கம்பிக்கு வெளிநாட்டுப் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் 34 கேஜ் கம்பி 0.23 மி.மீ.; அசலில் 20 மி.மீ. கம்பிக்குச் சமம். மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு வளைத்து, 0.3 மி.மீ. துளையில் நுழைத்து, உள்பக்கத்திலிருந்து ஒட்டுங்கள். செம்பு மெத்தென்று இருப்பதால் கைபட்டால் நெளியும் என்பது ஒன்றுதான் குறை.

எந்தக் காலத்துப் பெட்டி என்று பார்த்து வாங்குவதும் துல்லியம்தான். கூரை மேல் நடைபலகை 1966-க்குப் பிறகு கட்டிய புதுப் பாக்ஸ் கார்களில் கிடையாது. பக்கத்தில் 1970-க்குப் பிறகு கட்டியதாகத் தேதி எழுதிவிட்டுக் கூரையில் பலகை வைத்திருக்கும் மாடலை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): என் வேகன்கள் வளைவில் தடம்புரளுகின்றன. எடை போதாது என்கிறார்கள். எவ்வளவு எடை, எதை வைப்பது?

பதில்: அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரையின்படி ஹெச்.ஓ. வேகனுக்கு 1 அவுன்ஸ், கூடவே நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பாக்ஸ்-என் உடல் நாலரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக மொத்தம் சுமார் 90 கிராம். போகி, சக்கரம் எல்லாவற்றோடும் தராசில் வைத்துப் பார்த்து, குறைவதை மட்டும் சேருங்கள்.

டயர் கடையில் வீல் பாலன்ஸுக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் துண்டுகள் வசதியானவை. கரி ஏற்றிய வேகனென்றால் கரிக்கு அடியில் மறைத்துவிடலாம். காலி வேகன்தான் கஷ்டம். 110-க்கு 33 மி.மீ. ஈயத் தகடு, 1 மி.மீ. தடிப்பில் வெட்டித் தரைக்குக் கீழே ஒட்டினால் 41 கிராம் கிடைக்கும். ஈயத்தைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

உங்கள் ஊரில் வலைக்கடையிலேயே ஈயக்குண்டு கிடைக்கும். வாங்கலாம், ஆனால் மரவேலைக்கான வெள்ளைப் பசையில் குழைத்து ஊற்றாதீர்கள். அந்தப் பசை வெளிவிடும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி ஊதிப் பெருத்து, சில வருஷத்தில் உடலையே பிளந்துவிடும். அரால்டைட்தான் சரி. இரும்புத் துண்டு வைப்பதானால் கடற்காற்றுக்குத் துரு ஏறும். எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்த பிறகே ஒட்டுங்கள்.

எடை சேர்க்கும் முன் வேறு இரண்டு காரணங்களைப் பாருங்கள். சக்கரங்களின் உள்முகத்துக்கு இடைவெளி சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும்; குறைந்தால் பாயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடத்தில்) ஏறி இறங்கும். என்.எம்.ஆர்.ஏ. கேஜ் என்ற உலோகத் தகடு ஒன்று வாங்கி வையுங்கள், இந்தப் பொழுதுபோக்கில் போடும் காசில் மிகவும் பயனுள்ளது அதுதான். இரண்டாவது, போகி திருகு. ஒரு போகியைத் திரும்ப மட்டும் முடிகிற அளவுக்கு இறுக்குங்கள். மற்றதை ஆடவும் முடிகிற அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டையும் இறுக்கினால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கும், இரண்டையும் தளர்த்தினால் வேகன் தள்ளாடும்.

கப்ளர் உயரமும் சிக்கல் தரும். இந்திய வேகனில் கப்ளர் மையம் காலியாக இருக்கும்போது அதிகபட்சம் 1,105 மி.மீ., ஹெச்.ஓ.வில் 12.7. அமெரிக்க மாடல்களில் பரவலான கேடி கப்ளரின் வழக்கமான உயரமோ 9.9 மி.மீ. இரண்டையும் கலந்து ஓட்டினால் கொக்கி நழுவும். அமெரிக்க எஞ்சின் வைத்திருப்பவர் 9.9-க்கு எல்லா வேகனையும் கொண்டுவந்துவிடுவது நல்லது. தோற்றத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் ரயில் ஒழுங்காக ஓடும்.

கேள்வி (தென்காசி வாசகர்): ஸ்பிரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. பெயின்ட் மோசமா?

பதில்: பெயின்ட் மேல் பழியில்லை. சாரல் காலத்து ஈரக்காற்றில் லேக்கர் வகை ஸ்பிரே அடித்தால் கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுக்கும். வெயில் வெளுத்த நாளில் அதற்குரிய தின்னரை மெல்லிசாக ஒரு கை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கேள்வி (வள்ளியூர் வாசகர்): சமூக வலைத்தளத்தில் வாங்கிய பிரிண்ட் வேகன் காருக்குள் வைத்திருந்தபோது வளைந்துவிட்டது. அளவும் சொன்னதைவிட 4 மி.மீ. குறைவு. விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். வழி உண்டா?

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 3டி பிரிண்டில் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அது தாங்காது. என்ன பொருளில் செய்தது என்று அவர் சொல்லாமல் விற்றிருந்தால் கேள்வி கேட்கலாம், ஆனால் வளைவை மட்டும் வைத்துப் போனால் உங்கள் பக்கம் பலவீனம். அளவு குறைவுதான் உங்கள் பிடி. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தொழிலாக இல்லாமல், தன்னிடமிருந்த ஒன்றை எப்போதோ விற்ற தனிநபருக்கு அந்த விதிகள் பொருந்தாது. அவர் தொடர்ந்து விற்பவர் என்பதற்குப் பழைய பதிவுகளைச் சேகரியுங்கள்.

அளவு சொன்ன உரையாடலின் படம், பணம் கட்டிய ரசீது, வேகனுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் மூன்றும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். அசையவில்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே, வழக்குப் போடலாம்; விற்பவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.