வாசகர் கேள்விகள்: வில்பர்ஃபோர்ஸ் வீட்டில் எப்படி?

கேள்வி: அடிமை வணிகத்தை ஒழிக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், தம் மனைவி மக்களைக் கவனித்தாரா? ஊருக்கு உழைப்பவர் வீட்டை மறப்பார் என்பது அவருக்கும் பொருந்துமா?

பதில்: முதல் பத்தாண்டுகளுக்குப் பெரிதும் பொருந்தும். முப்பத்தேழு வயதுவரை மணமாகாதிருந்த அவர், 1797 ஏப்ரலில் பாத் நகரில் பார்பரா ஸ்பூனரைச் சந்தித்து, நண்பர்கள் பொறுமையாக இருக்கச் சொல்லியும் கேளாமல், மே 30 அன்று திருமணத்தையே முடித்துவிட்டார். நான்கு மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர். கடைசி மகன் ஹென்றி பிறந்த 1807-இல்தான் அடிமை வணிகத் தடைச் சட்டமும் நிறைவேறியது. அதுவரை அவர் வீட்டில் இருந்த நேரம் மிகக் குறைவு. அவர் தூக்கியதும் அழுத குழந்தைக்காக, "அந்நியரைக் கண்டால் இவனுக்குப் பயம்" என்று செவிலி சமாதானம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

1812-இல் யார்க்‌ஷயர் என்னும் மிகப் பெரிய தொகுதியை விட்டு, வேலைப்பளு குறைந்த பிராம்பர் தொகுதிக்கு அவர் மாறியதற்கு உடல்நலக் குறைவோடு பிள்ளைகள்மீதான அக்கறையும் காரணம். மகன் சாமுவேலுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதினார். அவற்றில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் சிறுவனின் ஆன்மா சரியான வழியில் செல்கிறதா என்று விடாமல் துருவும் சுவிசேஷக் கிறிஸ்தவத் தந்தையின் கெடுபிடியும் அவற்றில் உண்டு. எனக்கு அது சற்று மிகையாகவே படுகிறது.

நண்பர் வட்டமும் ஏறத்தாழக் குடும்பம்தான். லண்டனை அடுத்த கிளாப்பமில் அவருக்குத் துணைநின்ற வங்கியாளர் ஹென்றி தார்ன்டன் உறவினர்; வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்டீபன், 1800-இல் வில்பர்ஃபோர்ஸின் சகோதரி சாராவை மணந்தவர். 1815-இல் தார்ன்டனும் மனைவியும் ஒருவர் பின் ஒருவராக இறக்க, அநாதைகளான ஒன்பது பிள்ளைகளையும் அவ்வட்டத்தைச் சேர்ந்த ராபர்ட் இங்கிலிஸ் தம்பதியர் வளர்த்தனர்.

முதுமை வில்பர்ஃபோர்ஸுக்கு இனிதாக அமையவில்லை. மூத்த மகள் 1821-இல் காசநோயால் இறந்தார். மூத்த மகன் பால்பண்ணைத் தொழிலில் நொடித்துப்போனதால் தந்தையின் செல்வத்தில் பெரும்பகுதி கரைந்தது. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பாதிரியார்களாக இருந்த மகன்கள் ராபர்ட், சாமுவேல் ஆகியோரின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். இரண்டாவது மகளும் 1832-இல் இறந்தார். வணிகத்தை மட்டுமன்றி அடிமை முறையையே ஒழிக்கும் மசோதா நிறைவேறுவது உறுதி என்ற செய்தி 1833 ஜூலை 26 அன்று அவரை எட்டியது. மூன்றாம் நாள் காலமானார்.

பின்னாளில் சாமுவேல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆயராக, அதாவது பிஷப்பாக, உயர, ராபர்ட்டும் ஹென்றியும் கத்தோலிக்கத்தைத் தழுவினர். கத்தோலிக்கரின் அரசியல் உரிமைக்கு ஆதரவு தந்தவர்தான் தந்தை என்றாலும், இந்த மாற்றத்தை அவர் எளிதில் ஏற்றிருப்பார் என்று தோன்றவில்லை.