அந்த ‘வார்டன்’ விடுதிக் காப்பாளர் அல்லர்

மாரக் கூல்டிங் ஆக்ஸ்போர்டில் ‘வார்டன்’ ஆனார் என்ற வரியை ‘விடுதிக் காப்பாளர்’ என்று பெயர்த்துவிட்டு, ஒரு தூதருக்கு ஏன் இந்த இறக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கமே இல்லை. அவர் பொறுப்பேற்ற செயின்ட் ஆன்டனி கல்லூரியில் தலைவருக்கே அந்தப் பெயர்தான். ஆக்ஸ்போர்டின் மற்றக் கல்லூரிகளில் தலைவரின் பெயர் மாறும்: பேலியலில் ‘மாஸ்டர்’, வூஸ்டரில் ‘புரோவோஸ்ட்’. தயங்காமல் ‘கல்லூரித் தலைவர்’ என்றே எழுதுங்கள்.

கூல்டிங் முதலில் அங்கோலாவில் பிரிட்டிஷ் தூதர். 1986 முதல் ஐ.நா. அமைதிப்படைப் பணிகளின் பொறுப்பாளர். நீலத் தொப்பிக்காரர்களுக்கு, அதாவது அந்த அமைதிப்படையினருக்கு, 1988இல் நோபல் பரிசு கிடைத்தது அவர் காலத்தில்தான். அதைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். 1997 முதல் 2006 வரை கல்லூரியில் இருந்தார். முதுநிலை மாணவர்கள் உலக அரசியலையும் வட்டார ஆய்வுகளையும் படிக்கும் இடம் அது. அவரைவிடப் பொருத்தமானவர் யார்?